ரோட்டிலா, நடைபாதையிலா

செல்லப் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம் என்று எழுதிவிட்டேன், எழுதினபிறகு அது சரிதானா என்று குழப்பமாக இருக்கிறது, ஆனாலும் அடித்துத் திருத்தினால் நீ வேறு எதையாவது நினைத்துக்கொள்வாய், இருக்கட்டும். போனில் நீ கேட்கும்போதெல்லாம் ஸ்கூட்டர் நன்றாக ஓடுகிறது என்று அப்பா சொன்னாரே, அது பொய்யில்லை. ஓட்டினவருக்குத்தான் ஒன்று நடந்துவிட்டது. போனில் சொன்னால் பாதியிலேயே பதறுவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டுப் பதறு.

முட்டிவலியோடு நடந்து கஷ்டப்படக்கூடாது என்று நீ வாங்கி அனுப்பினாயே, நின்றுகொண்டே ஓட்டும் அந்த பேட்டரி ஸ்கூட்டர், அது வந்த அன்றைக்கே அப்பா ஏறிவிடவில்லை. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டி ஒரு கீறல் இல்லாமல் ரிட்டயர் ஆனவர் சும்மா ஏறுவாரா, இதற்கு என்ன ரூல் என்று தெரிந்தாக வேண்டும் என்று போக்குவரத்து அலுவலகத்துக்கே போய்க் கேட்டார். ஜன்னலில் இருந்த பெண், இது சின்ன மோட்டார், லைசென்சும் வேண்டாம் நம்பரும் வேண்டாம், அதனால் இது வண்டியே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வண்டி இல்லையென்றால் நடக்கிறவர் கணக்குத்தானே என்று இவர் நடைபாதையில் ஓட்டினார். மார்க்கெட் முனையில் போலீஸ்காரர் மறித்து, மோட்டார் வைத்ததெல்லாம் ரோட்டில்தான் போகவேண்டும் என்று இறக்கிவிட்டார். சரி என்று ரோட்டில் போனால், பாலத்துக்குப் பக்கத்தில் ஜீப்பில் வந்த இன்னொரு போலீஸ்காரர், பெரியவருக்கு உயிர்மேல் ஆசை இல்லையா என்று நடைபாதையில் ஏற்றிவிட்டார். சைக்கிளுக்கென்று பச்சைக் கோடு போட்ட பாதை ஒன்று இருக்கிறது, அது பூங்கா வாசலில் ஆரம்பித்துக் குப்பைத்தொட்டியில் போய் முட்டி நிற்கிறது, அதற்கப்புறம் எங்கே போவது என்று கோடு போட்டவர்களுக்கே தெரியாது. நானும் பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டே வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்தேன், ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். வாயில் ஊசி போட்டு உதடு மரத்துப்போன ஒருவர்கூட உள்ளே இருந்து கையை ஆட்டி ரோடு, ரோடு என்று சைகை காட்டினார், பக்கத்து நாற்காலிக்காரர் தாடையைப் பிடித்துக்கொண்டே இல்லை என்று தலையை ஆட்டினார். கடைசியில் அப்பா கூட்டம் பார்த்து ரோட்டில் கொஞ்சம், மேலே கொஞ்சம் என்று ஓட்டிக்கொண்டிருந்தார், ஆனால் வீட்டுக்கு வந்ததும் முகம் தொங்கிப்போயிருக்கும், திருட்டுத்தனம் செய்துவிட்டு வருகிறவர் மாதிரி.

போன மாதம் ஒருநாள் காலையில் அவர் ரோட்டோரமாகப் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்திருக்கிறது. அவர் ஓட்டின அதே ரூட் பஸ், ஓட்டினவன் அவரிடம் வேலை பழகினவனாம், முதுகைப் பார்த்தால் அவனுக்கு எப்படி அடையாளம் தெரியும். இத்தனை வருஷம் தான் அடித்த ஹாரன் தன் முதுகில் கேட்டதும் கைகால் ஓடவில்லை என்கிறார். சரிவாக இருந்த இடம் பார்த்துச் சட்டென்று நடைபாதையில் ஏறிவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தெருமுனை மருந்துக்கடை அம்மா, உனக்கு இருமல் மருந்தோடு மிட்டாயும் கொடுப்பார்களே அவர்கள்தான், விளம்பரப் பலகையை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்து வந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் விழுந்தார்கள். அப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று, அந்தம்மாவுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், நீ பதறாதே.

எனக்குப் புரியாதது இதற்கப்புறம்தான். யாரும் கூப்பிடாமலே அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நான் ஒருவரை இடித்துவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று நின்றார். என்ன வண்டி, நம்பர் என்ன என்று கேட்டார்கள், நம்பர் இல்லை என்றார். நம்பர் இல்லாத வண்டிமேல் எதை எழுதுவது என்று அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள், ரோட்டில் வந்தது சரி என்றார் ஒருவர், இல்லை, மேலே ஏறினதுதான் சரி என்றார் இன்னொருவர். அந்தம்மாவோ, யார்மேலும் தப்பில்லை, புகார் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பெரிய மனசு என்று தெருவே பேசியது, நானும் கும்பிட்டுவிட்டு வந்தேன். அப்பாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ஸ்கூட்டரைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கட்டிலிலேயே கிடந்தார். விட்டது சனி என்று இருங்களேன் என்று நான் சொன்னதற்கு எழுந்து உட்கார்ந்து, "நான் செஞ்சது தப்புன்னா தப்புன்னு சொல்லட்டும், இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டும். ரெண்டும் சொல்லாம வீட்டுக்குப் போன்னா நான் எப்படிப் போறது?" என்றார். வீட்டில் உட்கார்ந்துகொண்டே எப்படிப் போவது என்கிறாரே என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

பிறகு அவரே ஒருநாள் நொண்டிக்கொண்டு மருந்துக்கடைக்கு நடந்துபோனார். ஒரு கையால் ஷட்டரைத் தூக்க முடியாமல் அந்தம்மா யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றார்களாம். இவர் தூக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து காலையில் போய்த் திறப்பதும் இரவில் போய் இறக்குவதும் இவர் வேலை, நடுவில் பெட்டிகளை மேல்தட்டில் அடுக்கியும் கொடுக்கிறார். தினமும் ஷட்டரைத் தூக்கினதும் அதே பேச்சு, ரோட்டில் இருந்திருக்க வேண்டுமா, மேலே ஏறினது தப்பா என்று. அந்தம்மாவும் தினமும், விடுங்கள் அண்ணா, நேரம் சரியில்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். போன வாரம், கடையில் மருந்துக்கு ஆட்கள் காத்திருக்கும்போது இவர் மறுபடி ஆரம்பித்திருக்கிறார். அந்தம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆமாண்ணா, தப்பு உங்களுதுதான். ரூல் என்ன எழவோ எனக்குத் தெரியாது. நான் நடக்கிற இடத்துல வந்து என்னை இடிச்சீங்க. கை இன்னும் வலிக்குது. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வாங்க, சரக்கு வருது."

இதை அப்பா வீட்டுக்கு வந்து நல்ல சேதி மாதிரி சொன்னார் பாப்பா. சட்டையைக்கூடக் கழற்றாமல், பார்த்தியா, நான் சொன்னேன் இல்லை என்று என்னிடம் கேட்டுவிட்டு, பசிக்கிறது என்று உட்கார்ந்தார். வைத்ததையெல்லாம் சாப்பிட்டார், படுத்ததும் குறட்டை விட்டார். பழி விழுந்தால் மனுஷன் அழுவானா, இப்படி நிம்மதியாகத் தூங்குவானா, எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஆனால் ரொம்ப நாளைக்கப்புறம் நானும் அன்றைக்குத்தான் தூங்கினேன்.

நீ அனுப்பினதால்தான் வந்தது என்று மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, குழம்புவதற்கு இங்கே நான் ஒருத்தி போதும். ஸ்கூட்டரை இனி என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீயும் அங்கே இதே மாதிரி ஒன்றில்தான் வேலைக்குப் போகிறாய். உங்கள் ஊரில் இதற்கு எங்கே இடம் என்று தெளிவாகக் கேட்டு எழுது, கட்டாயம் எழுது. தலைக்கவசம் போட்டுக்கொள், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓட்டாதே. ஆட்கள் நடக்கிற இடம் வந்தால், யார் என்ன சொன்னாலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போ. எலும்பு முறியாமல், மனசும் முறியாமல், போகிற வழியெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம். அப்பா தனியாக எழுதுவதாகச் சொன்னார், ஷட்டரை இறக்கப் போயிருக்கிறார், வந்ததும் ஞாபகப்படுத்துகிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா