பதினெட்டாவதில் ஒன்று அதிகம்

ஆம்பூர்
4.6.2023

அன்பு மிக்க என் கணவருக்கு,

போனில் குழந்தை பேச்சை எடுத்தாலே “அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறீர்கள். உங்களோடு வேலை செய்யும் ஹம்மாத் பாய் லீவு முடிந்து நாளை அடிஸ் அபாபாவுக்குத் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் மகளுக்கு இன்றோடு பத்தொன்பது நாள். வேலூரில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. எல்லாருக்கும் பதினெட்டாவது குரோமோசோம் இரண்டு இருக்குமாம். இவளுக்கு மூன்று. எட்வர்ட்ஸ் என்று அதற்குப் பெயர். இதயத்தில் ஓட்டை. பால் உறிஞ்சத் தெரியவில்லை, மூக்கில் குழாய் வைத்துத்தான் கொடுக்கிறேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நிறைய பிள்ளைங்க ஒரு வருஷம் தாண்டறதில்லம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா வெச்சுக்கோ” என்றார்கள்.

நீங்கள் தோல் பதனிடும் கம்பெனியில் மருந்து கலந்ததாலா, நான் ஷூவுக்குப் பசை தடவியதாலா என்று கேட்டேன். “யார் மேலயும் தப்பில்ல. கரு உண்டாகும்போதே தற்செயலா நடந்துடுது” என்றார்கள். உங்கள் அம்மா நம்பவில்லை. “எங்க வம்சத்துல இப்டி யார்னா இருக்காங்களா?” என்று தெருவெல்லாம் கேட்கிறார்கள்.

ஆஸ்பத்திரியிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டோம். பெயர் பொன்மலர். ஒரே ஒரு தடவை வந்து பாருங்கள்.

உங்கள்
ஜெனிஃபா

அடிஸ் அபாபா
17.6.2023

அன்பு ஜெனிஃபா,

உன் கடிதத்தைப் பிரிக்கவே எனக்கு நான்கு நாள் ஆயிற்று. லீவு போன மாதமே கொடுத்தார்கள். வேண்டாம் என்றவன் நான்தான்.

உன்னிடம் பொய் சொல்லத் தெம்பில்லை. நான் ஊருக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று தினமும் ஜெபம் செய்கிறேன். பார்த்துவிட்டால் தூக்குவேன். தூக்கிவிட்டால் புதைக்க என்னால் ஆகாது.

டிசம்பரில் வருகிறேன். அடுத்த பிள்ளைக்கு இப்படி வர வாய்ப்பு ரொம்பக் கம்மி என்று இங்கே ஒரு டாக்டர் சொன்னார். மறுபடி ஆரம்பிக்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஷாஜின்

ஆம்பூர்
29.6.2023

ஷாஜின் அவர்களுக்கு,

கூரியர் செவ்வாய்க்கிழமை வந்தது. பொன்மலர் அதற்கு முந்தின ஞாயிறே போய்விட்டாள். உங்கள் அம்மா சொல்லியிருப்பார்கள். என் மடியில்தான் இருந்தாள். மூச்சு விட்டு விட்டு வந்தது, பிறகு வரவில்லை. பெட்டியை என் அப்பா ஒரே கையில் தூக்கிக்கொண்டு போனார். அவ்வளவு சின்னது.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அதே ஜெபத்தை நானும் ஒருநாள் செய்தேன். குழாய் மாற்றும்போது உதடு நீலமாகி, சத்தமே வராமல் அழுதாள். “எடுத்துக்கோ ஆண்டவரே” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். உடனே அவளை வாரி அணைத்துக்கொண்டேன், சொன்னது சொன்னதுதான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன். பால் இன்னும் வற்றவில்லை.

நீங்களும் கேட்டீர்கள், நானும் கேட்டேன், கிடைத்துவிட்டது. இனி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் எப்படிச் சாப்பிடுவது?

டிசம்பரில் வர வேண்டாம்.

ஜெனிஃபா