சிரிக்காத படம்

சம்பியாவின் அப்பாவுக்கு,

சூரத்தில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? எனக்கு இங்கே கையில் வேலை ஓடவில்லை, சோறுகூட அடிபிடித்துவிட்டது. போனில் சொன்னால் மகள் பக்கத்தில் நின்று கேட்பாள். அதனால் எழுதுகிறேன்.

அவள் படிப்புக்குப் பணம் அனுப்பும் டெல்லி அம்மாவுக்குக் காட்ட அவள் படம் வேண்டுமென்று சங்கத்து ஆள் நேற்று நம் முசகர் டோலாத் தெருவுக்கு வந்தார். சட் பண்டிகைக்கு நீங்கள் அனுப்பிய மஞ்சள் கவுனைப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி நிறுத்தினேன்.

"என்ன அண்ணி, கல்யாணத்துக்கா போறா? பழசு ஏதாவது மாட்டிவிடுங்க" என்றார் அவர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. படிப்பே நின்றுபோனால் என்ன செய்வது என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மாற்றிவிடவில்லை. அவளே உள்ளே போய் கிழிந்ததைப் போட்டு, பின்னலை அவிழ்த்து, முட்டியில் மண்ணைப் பூசி, முகத்தையும் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"கெட்டிக்காரி!" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு மஞ்சள் கவுனையே போட்டுவிட்டு, உங்களுக்கென்று ஒரு படம் எடுக்கப் போனைத் தூக்கினேன். அதற்கும் அதேபோல முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள்.

"சிரிடி, இது அப்பாவுக்கு."

"அப்பாவும் பணம் அனுப்புறாருல்லம்மா?"

அந்தப் படத்தை அனுப்பமாட்டேன். ஹோலிக்கு நேரில் வந்து பாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி