டயர் ராஜாவுக்கு இடப்பக்கத்து இருக்கை

மார்ச் 12, செவ்வாய்

பல் வைத்தியரிடம் போனேன். வரவேற்பில் இருந்த பெண் தொழில் என்ன என்று கேட்டாள். "போக்கர். கம்ப்யூட்டர்ல" என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு 'வேலை இல்லை' என்று தட்டிக்கொண்டாள். நான் திருத்தவில்லை. லொண்ட்ரினா ஊர் முழுவதையும் திருத்திக்கொண்டிருந்தால் நான் எப்போது ஆடுவது?

இன்று நஷ்டம். ஆனால் சரியாக ஆடி வந்த நஷ்டம். இந்த வித்தியாசம் ஜுசேலியாவுக்குப் புரியாது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் "ஜெயிச்சியா?" என்றுதான் கேட்கிறாளே தவிர, "நல்லா ஆடினியா?" என்று ஒரு நாள் கேட்டதில்லை.

சலவை மெஷின் வேண்டும் என்றாள். கைமுதலில் முப்பதில் ஒரு பங்குக்கு மேல் எந்த மேசையிலும் வைக்கக் கூடாது, அதுதான் இந்தத் தொழிலின் உயிர், சலவை மெஷின் நமக்குத் தாங்காத பெரிய பந்தய மேசை மாதிரி என்று பொறுமையாக விளக்கினேன். பிழிந்துகொண்டிருந்த சட்டையை என் மேல் எறிந்தாள். என் சட்டைதான்.

மார்ச் 17, ஞாயிறு

வழக்கம்போல மாமியார் வீட்டில் கறி சுட்டுத் தின்றோம். வழக்கம்போல வால்டெசிர் ஆரம்பித்தார். ஜுசேலியாவின் அண்ணன், நெடுஞ்சாலை ஓரத்தில் டயர்க் கடை வைத்திருக்கிறார், கை கழுவினாலும் நகத்தில் கருப்பு போகாத மனிதர்.

"என்ன மாப்ளே, இந்த வாரம் எத்தனை ராணியைக் கட்டிப்புடிச்சே?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், கம்பியில் கறி வெந்துகொண்டிருந்த அரை மணி நேரமும் வகுப்பு எடுத்துவிட்டேன். கைமுதல் என்றால் என்ன, முப்பது பங்கு ஏன், தோற்கும் நாளில் எப்போது எழுந்துகொள்ள வேண்டும், எல்லாம்.

"அப்போ இது அதிர்ஷ்டம் இல்லேங்கிறே?"

"ஒரு நாளைக்கு அதிர்ஷ்டம் மச்சான். ஒரு வருஷத்துக்குத் திறமை."

"திறமையா? எனக்கு நெறைய இருக்குன்னு எங்கம்மா சொல்லுவாங்களே!"

மறுபடியும் சிரிப்பு. அவர் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான் போலிருக்கிறது.

கடைக்கும் நிலைமை சரியில்லை. எதிரே புதிதாக வந்தவன் சக்கரம் பேலன்ஸ் பார்க்கும் மெஷின் வைத்திருக்கிறானாம், சோயா லாரிகளெல்லாம் அங்கேயே போய் நிற்கின்றனவாம். வால்டெசிரும் அப்படி ஒன்று வாங்கக் காசு சேர்க்கிறார். மாமியாரின் பென்ஷனும் அதில்தான் போகிறது. "இதெல்லாம் விட்டுட்டு நீயும் கடைக்கு வா மாப்ளே, ஒரு கை குறையுது" என்றார். இன்னொரு கறித்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 3, புதன்

நல்ல நாள்! எங்கள் போக்கர் குழுவுக்குப் புது வாத்து சிக்கியிருக்கிறது.

ஆடத் தெரியாமல் ஆடி, சந்தோஷமாகத் தோற்கிறவருக்கு எங்கள் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் வாத்து. எங்கள் குழுத் தலைவன் எவாண்ட்ரோ குரிட்டிபா நகரத்தில் இருக்கிறான். இருபத்து மூன்று வயது, மீசை சரியாக முளைக்கவில்லை. ஆனாலும் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் அவனை 'தலைவா' என்றுதான் கூப்பிடுகிறோம். வாத்து வந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உடனே குரல் பதிவு அனுப்பினான். "கெஞ்சிக் கேக்கறேன், யாரும் திட்டாதீங்க. யாரும் பாடம் எடுக்காதீங்க. அவர் கண்டபடி ஆடி ஜெயிச்சா 'அருமை'ன்னு எழுதுங்க. விருந்தாளி மாதிரி பாத்துக்குங்க."

வாத்தின் பெயர் 'டயர் ராஜா'. அவர் ஆடியதைப் பார்த்த பிறகு நம் முறை வரும்படி அவருக்கு இடப்பக்கம் உட்காருவதுதான் லாபம். குழுவில் எல்லோரையும் முந்திக்கொண்டு அந்த இருக்கையை நான் பிடித்துவிட்டேன். ஆடுகிற இணையதளத்தில் என் பெயர் 'பனிக்கட்டி'. எனக்குக் கோபம் வராது என்று எதிராளிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்தது.

இரண்டு மணி நேரத்தில் நல்ல வரவு. அதற்குப் பிறகுதான் அவருடைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டயருக்குள் சுருண்டு படுத்திருக்கும் ஒரு குண்டுப் பூனை.

ஏப்ரல் 4, வியாழன்

வால்டெசிரின் கடைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதே பூனைதான்.

ஏப்ரல் 6, சனி

நிதானமாக யோசிக்க வேண்டும்.

வால்டெசிர் வளர்ந்த மனிதர். நான் அவரைக் கூப்பிடவில்லை. சொல்லப்போனால் கைமுதலைப் பற்றி அவருக்கு வகுப்பே எடுத்தேன். கேட்காதது யார் தப்பு? நான் அந்த இருக்கையை விட்டு எழுந்தால் சாவோ பாவ்லோக்காரன் எவனாவது உட்காருவான். அவனுக்கு என் மச்சான் மேல் என்ன அக்கறை இருக்கப்போகிறது? நான் எடுத்தால் காசு குடும்பத்துக்குள்ளேயே இருக்கும்.

சொல்லிவிடலாமா என்றும் தோன்றியது. ஆனால் வாத்திடம் போய் நீ வாத்து என்று சொல்வதைப் போல அநாகரிகம் எங்கள் தொழிலில் வேறு இல்லை. நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே.

இன்று அவர் ஒன்றுமில்லாத கையோடு என் ஜோடி ராஜாவை அடித்தார். 'அருமை' என்று எழுதினேன். 'நன்றி நண்பா!!!' என்று பதில் வந்தது.

ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு

இந்த முறை கறி என் செலவு. நல்ல பகுதியாகவே வாங்கினேன், கொழுப்பு ஒரு விரல் கனத்துக்கு. வால்டெசிர் மூன்று தடவை தட்டை நீட்டினார்.

"தொழில் நல்லாப் போவுது போல மாப்ளே!"

"போவுது மச்சான்."

அவருடைய காசுதான், அவருடைய வயிற்றுக்கே போனது. இதில் என்ன பாவம்?

மே 12, அன்னையர் தினம்

சலவை மெஷின் வந்துவிட்டது. ஜுசேலியா அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள். "உன்னைத் தப்பா நெனச்சிட்டேன்டா" என்று என் தலையில் முத்தம் கொடுத்தாள். ஏனோ எனக்கு அந்த மெஷின் ஓடுகிற சத்தம் பிடிக்கவில்லை.

வால்டெசிர் தனியாகக் கூப்பிட்டு, தானும் "கொஞ்சமா, பொழுதுபோக்கா" ஆடுவதாகச் சொன்னார். அங்கே என் பெயர் என்ன என்று கேட்டார். தொழில் ரகசியம், நாங்கள் சொல்வதில்லை என்றேன்.

"அங்க எல்லாருமே நல்ல பசங்க மாப்ளே. நான் எது பண்ணாலும் 'அருமை'ங்கறாங்க. நம்ம வீட்டுல எவன் அப்படிச் சொல்றான்?"

மே 28, செவ்வாய்

ஜுசேலியா அழுகிறாள். அண்ணன் பேலன்ஸ் மெஷினுக்குச் சேர்த்த காசில் பாதி இல்லையாம். அண்ணி சொன்னாளாம். "அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்தே போவாங்க. எங்க விடறான்னே தெரியலை. ஏதோ ஆட்டமாம். உனக்குத்தான் அதெல்லாம் தெரியுமே, நீ அவன்கிட்டப் பேசு."

பேசுகிறேன் என்றேன்.

என்னவென்று பேசுவேன்? பாதி என்கிறாள். என்னிடம் அவ்வளவு வரவில்லையே! மீதியை வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள். குழுவில்தான் எவனோ. வெட்கங்கெட்டவன்கள்!

சே. என்ன எழுதுகிறேன் நான்?

ஜூன் 1, சனி

முடிவு செய்தேன். வாத்துகள் எதற்கு மேசையை விட்டு ஓடும்? தோல்விக்கு ஓடாது, அவமானத்துக்குத்தான் ஓடும். எவாண்ட்ரோ தினமும் சொல்வது அதுதானே. அப்படியானால் திட்டியே விரட்டிவிடலாம். பெயர் தெரியாத ஒருவன் திட்டிவிட்டுப் போகட்டும். என் மச்சானைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி.

எழுதினேன்: 'நீ ஆடுறது சீட்டு இல்லய்யா, தர்மம். டயர் கழட்டுற கைக்கு எதுக்கு இந்த ஆட்டம்? போய் கடையைப் பாரு.' இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளின் சிரிப்பு ஞாபகம் வந்தது. கை நிற்கவில்லை. 'உன்னையெல்லாம் உங்க வீட்டுலயே எவனும் மனுஷனா மதிக்க மாட்டான்' என்றும் எழுதிவிட்டேன்.

அந்தப் பக்கமிருந்து ஒரே வரி: 'நாளைக்கு ஞாயிறு, நாளன்னைக்கு வா.'

பத்து நிமிடத்தில் எவாண்ட்ரோவின் குரல் பதிவு. அழுகிறானோ என்றே நினைத்தேன். "விருந்தாளியை எச்சில் துப்பி அனுப்பிட்டீங்களே! உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலையே, கில்வான்!" குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன், அதற்குத் தண்டனை.

ஜூன் 2, ஞாயிறு

கறி மேசையில் இன்று பேச்சே பனிக்கட்டியைப் பற்றித்தான்.

"அவன் என்ன சொன்னான் தெரியுமா மாப்ளே? என்னை வீட்டுல யாரும் மதிக்கிறதில்லையாம்!" வால்டெசிருக்குக் குரல் உடைந்தது. மாமியார் எழுந்து நின்றே சபித்தார். அவன் கை அழுகட்டும், அவன் வீட்டில் அடுப்பு எரியாமல் போகட்டும். தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

"விட்டுடுங்க மச்சான். அந்தப் பக்கமே போவாதீங்க."

"விடறதா? அவன் காசை மொத்தமா உருவிட்டுத்தான் விடுவேன். உருவின அன்னைக்கே கணக்கை மூடிடறேன். எங்கம்மா மேல சத்தியம். நீதான் விவரம் தெரிஞ்சவன், சொல்லு மாப்ளே. அந்த நாயை எப்படி அடிக்கிறது?"

மேசையே என் முகத்தைப் பார்த்தது. பொறுமையா இருங்க, நல்ல கை வரும்வரை காத்திருங்க என்றேன். மிகச் சரியான ஆலோசனை. காசு வாங்கிக்கொண்டுதான் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 7, வெள்ளி

தோற்றுவிடலாம் என்றுதான் மூன்று நாளாக உட்காருகிறேன். வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பது தளத்தின் விதிக்கு விரோதம். பரவாயில்லை, யாருக்குத் தெரியும்? ஆனால் கை கேட்க மாட்டேன் என்கிறது. நல்ல சீட்டைப் பார்த்தால் விரல் தானாகப் பந்தயம் கட்டுகிறது. மூன்று நாளும் ஜெயித்துவிட்டேன்.

அவனுக்கும் கொஞ்சமாவது ஆடத் தெரிய வேண்டாமா!

ஜூன் 12, புதன்

எங்கள் நாட்டில் இன்றுதான் காதலர் தினம். ஜுசேலியா அண்ணனைப் பற்றி மட்டுமே பேசினாள்.

ஜூன் 22, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம் வால்டெசிர் ஒரு பெரிய மேசையைத் திறந்தான். மெஷின் காசில் மிச்சம் இருந்ததெல்லாம் அதில். 'பனிக்கட்டி, ஆம்பளையா இருந்தா வா.' அவனோடு சரிசமமாக உட்கார வேண்டுமானால் என் கைமுதல் முழுவதையும் கொண்டுபோக வேண்டும். முப்பதில் ஒன்று அல்ல, முப்பதும். இப்படிச் செய்கிறவனைப் பார்த்துச் சிரித்தே நான் பிழைப்பு நடத்தியிருக்கிறேன்.

நான் போகாவிட்டால் வேறு எவனாவது போவான். போனேன். தோற்கத்தான் போனேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன்: தோற்கத்தான் போனேன்.

மூன்றாவது ஆட்டத்தில் எனக்கு இரண்டு ஏஸ் வந்தது.

கீழே போட்டிருக்கலாம். ஒரு பொத்தான்தான். மெஷின், மாமியாரின் பென்ஷன், ஜுசேலியாவின் அழுகை, எல்லாம் அந்த நொடியில் மறந்துபோயிற்று. இரண்டு ஏஸ்! மொத்தத்தையும் தள்ளினேன். அவனும் தள்ளினான். சீட்டைத் திருப்பினால் அவனிடம் ஒரு ஏழு, ஒரு இரண்டு. இந்த ஆட்டத்திலேயே இதைவிட மட்டமான கை கிடையாது. எட்டுக்கு ஏழு தடவை நான்தான் ஜெயிக்க வேண்டும். பொதுச் சீட்டு விரிந்தது. ஏழு. ராணி. இன்னொரு ஏழு: அவனுக்கு மூன்று ஏழு, எனக்கு இரண்டு ஏஸ்தான். பிறகு வந்த இரண்டும் ஒன்றுக்கும் உதவவில்லை.

போயிற்று. எல்லாம் போயிற்று.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஜெயித்த அடுத்த நொடி எழுந்து போய்விட்டான்! ஒருவனை மொத்தமாகத் துடைத்துவிட்டு, இன்னும் ஒரு சுற்றுகூட உட்காராமல், ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல்! ஒரு மரியாதை வேண்டாமா? இவர்களையெல்லாம் யார் உள்ளே விடுகிறார்கள்?

திரும்பினால் ஜுசேலியா. துணிக்கூடையோடு பின்னால் நின்றிருக்கிறாள். திரையில் அந்தப் பூனையும் எதிரே 'பனிக்கட்டி' என்ற பெயரும் என் இரண்டு ஏஸும் இன்னும் இருந்தன.

"அப்ப அந்தப் பனிக்கட்டி நீதானா?"

திரையை அணைத்தேன். கூடையைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏஸ் பெரிய சீட்டுதானே? அது ரெண்டு இருந்தும் தோத்தியே. அண்ணனுக்காக வேணும்னுதானே?" என்றாள்.

அவளுக்குப் போக்கர் தெரியாது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஜூன் 23, ஞாயிறு

வால்டெசிர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். நேற்றே கணக்கை மூடிவிட்டாராம். நாளை மெஷினுக்குச் சொல்லப் போகிறார்.

"ஏழையும் ரெண்டையும் வெச்சு எப்படி மச்சான் எல்லாத்தையும் வெச்சீங்க?" கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என் பொண்ணு பொறந்தது ஏழாம் மாசம் ரெண்டாந்தேதியாச்சே மாப்ளே!"

ஜுசேலியா மேசைக்கடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வால்டெசிரின் கடையில் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மெஷினை நான்தான் ஓட்டுகிறேன். லாரிகள் திரும்ப வர ஆரம்பித்திருக்கின்றன.

வருகிறவர்களுக்கெல்லாம் வால்டெசிர் அந்தக் கதையைச் சொல்கிறார். கதையில் ஜெயித்த காசு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுகிறது. இன்று மாட்டோ குரோஸோவிலிருந்து வந்த ஒரு டிரைவர் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பனிக்கட்டி யாருன்னு அப்புறம் தெரிஞ்சுதா?" என்றார்.

"தெரியலைண்ணே." வால்டெசிர் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "மொதல்ல வெறியாத்தான் இருந்துச்சு. இப்ப நெனச்சா பாவமா இருக்கு. ஞாயித்துக்கிழமை கூப்பிட்டு ஒரு துண்டு கறி போட ஆளு இருந்தா ஒருத்தன் அப்படிப் பேசுவானா? எந்த ஊருன்னு தெரிஞ்சா நானே கூப்பிடுவேன்." என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு மாப்ளே, குடும்பம் இருக்கறவன் அப்படிப் பேசுவானா?"

மெஷினில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேச மாட்டான் மச்சான்" என்றேன்.

அடுத்ததை மாட்டு என்றார். மாட்டினேன்.