குழவிக்கு அடியில் லேப்டாப்

அத்தானுக்கு,

லேப்டாப்பைத் தேட வேண்டாம். பேட்டரி மாற்றுவதற்குத் தென்காசிக்குக் கொண்டுபோகிறேன்.

சாரல் ஈரத்தில் உப்பிவிட்டது என்று நேற்று அதன்மேல் அம்மிக்குழவியை ஏற்றி வைத்தீர்களே, உப்பியது உள்ளே இருக்கும் பேட்டரி. நசுங்கியிருந்தால் தீப்பிடித்திருக்கும். நீங்களோ பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

குழவியை எடுத்துவிட்டு நேற்றே கொண்டுபோன சர்வீஸ் சென்டரில், "மெலிசான மாடல், பேட்டரியை உள்ளயே ஒட்டியிருக்கு, புதுசு வாங்கிருங்க" என்றதும் தலையாட்டினீர்கள். வீட்டுக்கு வந்ததும், "புதுசும் வேண்டாம், இதோட டியூஷனையும் விட்டுரு" என்றீர்கள். புதுசு வாங்கப்போவதும் இல்லை, டியூஷனை விடப்போவதும் இல்லை.

என்னோடு படித்த ஆனந்தவள்ளி தென்காசியில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். போனில் கேட்டேன். "ஏட்டி, ஒட்டுனவன் ஒருத்தன் இருந்தா, பிரிக்கதுக்கு ஒருத்தி இருக்க மாட்டாளா? சார்ஜ் மட்டும் போடாம கொண்டா" என்றாள்.

சாயங்காலம் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் ஆன்லைன் வகுப்பு கட்டாயம் உண்டு. அந்த நேரத்தில் டிவி போடாதீர்கள்.

சோறு குக்கரில் இருக்கிறது.

சங்கரேஸ்வரி

பி.கு.: துவையலுக்குத் தேங்காயும் வத்தலும் அம்மிப் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். அரைக்கவில்லை. குழவியைத் தூக்கத்தான் உங்களுக்குத் தெரிகிறதே.