துடைத்த கண்ணாடி

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்றும் ஓர் ஆறுமணிக்குருவி முன் ஜன்னலில் மோதி விழுந்தது. இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கண்டி வரை வந்த பறவை, எங்கள் கண்ணாடியில் தெரியும் ஹந்தானை மலையை நிஜமென்று நம்பிவிடுகிறது.

போன வாரம் ஒன்று செத்த பிறகுதான் கோலமாவைக் கரைத்து, கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுவதும் நெருக்கமாகக் கோடு இழுத்தேன். அதன் பின் எதுவும் மோதவில்லை. இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கண்ணாடி பளபளக்கிறது. தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்கிறேன் என்று அவர் துடைத்துவிட்டார்.

"ஏங்க, அது குருவிக்காகப் போட்டதுன்னு சொன்னேனே?"

"தெரியும்மா. பன்விலயிலருந்து தங்கச்சி குடும்பம் வருது. டீச்சர் வீட்டு ஜன்னலப் பாருன்னு சிரிக்க மாட்டாளா? தீவாளி முடியட்டும், நானே கோடு போட்டுத் தாரேன்."

அதுவரை இந்தப் பக்கம் பறக்காதே என்று குருவியிடம் யார் சொல்வது?

விழுந்த குருவியைத் துணி விரித்த கூடையில் வைத்திருந்தேன். விளக்கேற்றும் நேரத்தில் அசைவு நின்றுவிட்டது. அவரே கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது. கை கழுவிவிட்டு வந்து, தூசி படிந்து மங்கிக் கிடக்கும் பின்பக்க ஜன்னல்களையும் துடைக்கப் பழைய பேப்பர் இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை என்றேன். அலுமாரிக்குக் கீழே ஒரு கட்டு இருக்கிறது.