உனக்கு வெட்டின சோப்பு

அருமை நாத்தனாரே,

நாங்க ரெண்டு பேரும் வேலைக்குக் கிளம்பிட்டோம். சாப்பாடு மூடி வச்சிருக்கு. வெளியே போனா சாவியை எதிர்வீட்டுத் தையல்காரம்மாகிட்ட குடு.

ரெண்டு நாள் தங்கிட்டுப் போறேன்னு வந்தவ நீ. வந்ததிலிருந்து எத்தனை சோப்பைத் தண்ணியிலயே போட்டுக் கூழாக்கியிருக்கே! அதான் இனிமே நீளக் கட்டியா வாங்கி வீட்லயே துண்டு போடறதுன்னு முடிவு பண்ணிட்டோம். கத்தி வச்சா உதிருதுன்னு நேத்து நூலைச் சுத்தி இழுத்து வெட்டியாச்சு.

அலமாரி மேல காயற சோப்புத் துண்டெல்லாம் எங்களுக்கு. தொடாதே. நல்லாக் காய்ஞ்சாதான் சீக்கிரம் கரையாது. உன்னோடது குளியலறையில இருக்கு. அதைக் காய வைக்கலை. அது கரையறதுக்குள்ள உன் புருஷன் வீட்டுக்குப் போய்ச் சேரு. கை நீட்டாத புருஷன் எந்த ஊர்ல இருக்கான்? அடுத்த துண்டு கிடையாது.

அண்ணி

ஒண்ணு விட்டுப்போச்சு. அண்ணன் வந்ததும் கண்ணைக் கசக்கலாம்னு உட்கார்ந்திருக்காதே. நான் உனக்குக் கொஞ்சம் பெருசாத்தான் வெட்டினேன். "அவளுக்கு எதுக்கு இவ்வளவு?"ன்னு அதைப் பாதியாக்கினது அவர்தான்.