மெஷினை நிறுத்தச் சொன்னால் நிற்குமா

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குறுவை நெல்லை ரோட்டில் காயப்போட்டவர்கள் தார்ப்பாயோடு ஓட்டம். பள்ளி வேன் ஒரு பக்கமாகவே ஊர்ந்தது. கணக்கு டெஸ்ட் சுமார்.

மாலை, அயர்லாந்து வேலைக்காகச் சித்திக்கு மாதிரி நேர்காணல். கேள்வி கேட்கும் அயர்லாந்துக் குழு நான்தான். அம்மாவின் மூக்குக்கண்ணாடி, அப்பாவின் கோட். அப்பா: "கல்யாணத்துக்குத் தச்ச கோட்டுடி. இட்லி மாவு படாம பாத்துக்க."

சித்தி என்ன வேலை செய்கிறாள் என்று வகுப்பில் கேட்டால் ஒவ்வொரு தடவையும் உளறுகிறேன். இங்கே எழுதி மனப்பாடம் செய்துகொள்கிறேன்: மாலதி சித்தி, அம்மாவின் தங்கை. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருத்துவ இயற்பியலாளர். கதிர்வீச்சு எவ்வளவு, எந்தப் பக்கத்திலிருந்து, எதன் மேல் படக்கூடாது என்று கணக்குப் போட்டு, மெஷின் அப்படியே செய்கிறதா என்று அளந்து பார்ப்பவள். டாக்டர் இல்லை. டெக்னீஷியனும் இல்லை.

ஐரோப்பாவில் எப்படி (சித்தியின் காகிதங்களிலிருந்து):
– முதுகலை மட்டும் போதாது. பிறகு ஆஸ்பத்திரியில், மேற்பார்வையில், சில வருடப் பயிற்சி.
– தனியாகப் பொறுப்பு ஏற்று வேலை செய்தாள் என்று துறைத் தலைவர் உறுதி சொல்ல வேண்டும்.
– அதற்கு மேலும் அனுபவம் சேர்ந்தால்தான் 'நிபுணர்'. கதிர்வீச்சு சிகிச்சையில் அப்படி ஒருவர் இருந்தே தீர வேண்டும். சட்டம்.
– ஆனால் நாட்டுக்கு நாடு வேறு. ஒரு நாட்டில் பதிவு உண்டு. பக்கத்து நாட்டில் அப்படி ஒரு தொழில் இருப்பதே பட்டியலில் இல்லை.

எல்லாக் கேள்விக்கும் டக் டக்கென்று பதில் சொன்னாள். கடைசியில் ஒன்று: "நோயாளிக்கு ஆபத்து என்று நீங்கள் நிறுத்தச் சொன்னால், உங்கள் ஆஸ்பத்திரியில் மெஷின் நிற்குமா?"

சித்தி மின்விசிறியைப் பார்த்தாள்.

"அடுத்த கேள்வி கேளு."

அடுத்த கேள்வி இல்லை. அதுதான் கடைசி.

அக்டோபர் 15, புதன்

மழை. பள்ளி மதியமே விட்டார்கள். வீட்டுச் சாவி சித்தியிடம், அதனால் ஆஸ்பத்திரி. சித்தி மெஷினில் எதையோ அளந்துகொண்டிருந்தாள். "மோல்டு ரூம்ல உக்காரு. எதையும் தொடாத."

மோல்டு ரூம்: முகத்துக்கு மாஸ்க் செய்யும் அறை. வெள்ளை பிளாஸ்டிக் ஷீட், வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக. வெந்நீர்த் தொட்டியில் போட்டால் துணிபோலத் துவளும். படுத்திருப்பவர் முகத்தில் இழுத்துப் போர்த்தினால் ஆறி, முகம் அப்படியே நிற்கும். தினமும் அதைப் போட்டு மேசையோடு பூட்டிவிடுவார்கள், தலை அசையாமல் இருக்க.

சுவரில் கொக்கிகள். வரிசையாக முகங்கள். நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டி அதில் பெயர். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு.

நான்காவது முகத்தைப் பெயர் படிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. அந்த முகவாய். கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த மூக்கு. சுகந்தி டீச்சர்.

பத்தாவதில் இயற்பியல் எடுத்தவர். விடை சரியாக இருந்தாலும் "யூனிட் எங்கடி?" என்று கேட்டு அரை மார்க் குறைப்பவர். ஆனி மாதம் இறந்துபோனார். சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். முகம் மட்டும் இங்கேயே.

ஓட்டைகள் வழியாகப் பின்னால் இருக்கும் சுவர் தெரிந்தது. தொடவில்லை. சித்தி சொன்னதற்காக இல்லை.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அம்மா: "என்னடி, ஆஸ்பத்திரி வாடையா?" ஆமாம் என்றேன்.

அக்டோபர் 16, வியாழன்

இன்று சாவி என்னிடம் இருந்தது. இருந்தும் போனேன்.

நான்காவது கொக்கி காலி.

ஹாலில் ஜமால் பாய். எங்கள் பள்ளிக்கு எதிரே நோட்டு, பேனா கடை. சொந்த ஊர் அதிராம்பட்டினம். மூக்குக்குப் பின்னால் கட்டி, ஒரு கண் கொஞ்சம் பிதுங்கி இருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன பாப்பா, ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்க இங்கயே வந்துட்டியா?" மாஸ்க் போட்டு ஒத்திகை பார்த்தார்களாம். "வலையில மாட்டுன கெழங்கா மீனு மாதிரி இருந்தேன். வலை கொஞ்சம் பெருசு, அதான் வித்தியாசம்."

பெருசு?

ஸ்கூட்டியில் வரும்போது சித்தியைக் கேட்டேன். டீச்சர் மாஸ்க் எங்கே?

பதில் பெரிய கோயில் தாண்டித்தான் வந்தது. புது ஷீட் தீர்ந்துவிட்டது. லோடு தீபாவளிக்கு அப்புறம்தான். பழையதை வெந்நீரில் போட்டால் மறுபடி தட்டையாகும். கழுவி அடுத்தவருக்குப் போடுவது இங்கே வழக்கம். டீச்சருடையது பாய்க்கு. "ஒரு தடவைன்னா பரவாயில்ல. அது எத்தனையாவது தடவைன்னு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் மெலிஞ்சுக்கிட்டே போகும். இறுக்கமா நிக்காது."

அப்படியானால் டீச்சருக்கு முன்னாலும் அதில் வேறு யாரோ.

டீச்சர் முகம் வெந்நீரில் எப்படிப் போயிருக்கும்? முதலில் மூக்கா? எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

 நடந்ததை நடந்தபடி.

பள்ளி விட்டதும் ஆஸ்பத்திரி. இன்று பாய்க்கு முதல் நாள் சிகிச்சை. மாஸ்க் போட்டு எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம் என்று சித்தி சொல்லியிருக்கிறாள். சிகிச்சைத் திட்டத்தில் அவள் கையெழுத்துப் போடவில்லை. ஹாலில் பாயின் மகன் ரியாஸ். ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தவர், அடுத்த வியாழன் விமானம். எல்லார் முன்னாலும்:

"டாக்டரே ஆரம்பிக்கலாம்னுட்டாரு. நிறுத்த நீங்க யாரு?"

"ஃபிசிசிஸ்ட்ங்க."

"டாக்டரா?"

"இல்லங்க."

"நர்ஸா?"

"இல்ல."

"மெஷின் ஓட்டுறவங்களா?"

"அதுவும் இல்ல."

"எதுவுமே இல்லாதவங்க எப்படிம்மா நிறுத்துவீங்க?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

பாய்: "டேய், கொரல எறக்கு." பிறகு சித்தியிடம், மெதுவாக: "ஏம்மா, எனக்கு நாள் தள்ளிப் போவுதே. கட்டி சும்மா இருக்குமா?"

"நாலஞ்சு நாள்தான் பாய். மாஸ்க் தொளதொளன்னு இருக்கு. நீங்க அசையாமத்தான் படுக்கிறீங்க, ஆனா உள்ள தலை நகருது. கட்டிக்குப் பக்கத்துலயே கண் நரம்பு. அதுல பட்டா அப்புறம் நான் என்ன செஞ்சாலும் திரும்ப வராது."

பெரிய டாக்டர் (துறைத் தலைவர்) வந்தார். கத்தவே இல்லை. "மாலதி, அடம் பிடிக்காதீங்க. நாளைக்குக் காலையில ஜூனியர் ஃபிசிசிஸ்ட் வருவாரு. அவரு கையெழுத்துப் போடட்டும். இவங்களும் நிம்மதியா தீபாவளிக்கு வீட்டுக்குப் போவாங்க."

சித்தி தலையாட்டினாள். சரி என்று சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். நேராக மோல்டு ரூம் போனாள். கதவைச் சாத்தவில்லை. கொக்கியிலிருந்து பாயின் மாஸ்க்கை எடுத்தாள். பெரிய கத்தரிக்கோல்.

நெற்றி. மூக்கு. உதடு. முகவாய். சத்தம் காய்ந்த பனை ஓலை கிழிகிற மாதிரி. இரண்டாக வெட்டி, மறுபடி நான்காக.

பெரிய டாக்டர் வாசலில். "அயர்லாந்துக்கு நான்தான் உறுதிக் கடிதம் எழுதணும். யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார்."

அவள் குரல் நடுங்கியது. எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

அக்டோபர் 18, சனி

தலைவலி. விடுமுறை வீட்டுப்பாடம்: வேதியியல் முழுதும் பாக்கி.

சித்தி திருச்சியில் கூடப் படித்தவரிடம் கேட்டு ஒரு புது ஷீட் கடன் வாங்கிவிட்டாள். தீபாவளி முடிந்து பஸ்ஸில் வரும்.

பெரிய டாக்டர் போன். ஒரு நிமிடம்கூட இல்லை. கடிதம் கிடையாது. 'தனியாகப் பொறுப்பு ஏற்கும் முதிர்ச்சி இல்லை' என்றாராம்.

அம்மா அடுக்களையில், அதிரசத்தைத் திருப்பிக்கொண்டே: "எத்தனை வருஷ உழைப்புடி மாலு. ஒரு பிளாஸ்டிக்க வெட்டி எறிஞ்சிட்டு நிக்கிற. சொல்றத சொல்லிட்டு ஒதுங்கியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன்கா. நிக்கல."

 அதிரசம் கருகிவிட்டது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய்க் குளியல். சீயக்காய்க்குக் கண்ணை மூடியதும் கண்ணுக்குள் வெள்ளை ஓட்டைகள். அம்மா முகத்தில் வெந்நீர் ஊற்றினாள். கத்திவிட்டேன். "சூடா இருக்கா?" இல்லை, சூடு இல்லை.

டீச்சர் கனவில் வந்துகொண்டே இருக்கிறார். நான்கு துண்டாக இல்லை, முழுசாகத்தான். ஆனால் வேறு யாருடைய முகமோ உள்ளேயிருந்து தள்ளுகிறது, புடைக்கிறது. ஒன்றை மட்டும் சித்தியிடம் கேட்க வாய் வரவில்லை: வெட்டியது அவரை அவமதித்ததா, விடுவித்ததா?

புதுச் சுடிதார் அளவு சரி. பட்டாசு நமத்துவிட்டது.

அக்டோபர் 21, செவ்வாய்

உண்மையான நேர்காணல். மதியம், வீடியோவில். அப்பா தெருமுனைக்குப் போய், வெடி வைத்த பையன்களிடம் கெஞ்சிவிட்டு வந்தார். நான் கதவுக்கு வெளியே தரையில்.

சித்தியின் ஆங்கிலம் முதலில் தடுக்கியது, பிறகு ஓடியது. என் கடைசிக் கேள்வியை ஏறக்குறைய அப்படியே கேட்டார்கள்.

"போன வாரம் நின்றது" என்றாள். "அதற்காக நான் மாஸ்க்கை வெட்ட வேண்டியிருந்தது."

  ஒரு பெண் குரல்: வெட்டாமல் நிறுத்த வழியே இல்லையா?

"எங்கள் இடத்தில் இன்னும் இல்லை."

துறைத் தலைவரின் கடிதம் எப்போது வரும் என்றார்கள். வராது என்றாள். ஏன் என்று விளக்கவில்லை. விளக்கியிருக்கலாமே! கதவைத் திறந்துகொண்டு போய் நானே சொல்லியிருக்கலாமே.

அக்டோபர் 22, புதன்

மழை விடவில்லை. பள்ளி லீவு. சித்தியோடு ஆஸ்பத்திரி. வீட்டில் இருக்கப் பயம், அங்கேயும் பயம், அங்கே சித்தி இருக்கிறாள்.

திருச்சி ஷீட் காலையிலேயே வந்துவிட்டது. பாய்க்குப் புது மாஸ்க், புதுப் படம். தலை நகரவில்லை. இந்த முறை சித்தி கையெழுத்துப் போட்டாள்.

ஹாலில் உட்கார்ந்திருந்தபோது அயர்லாந்திலிருந்து மின்னஞ்சல். நின்றுகொண்டே படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். மிகவும் மரியாதையான ஆங்கிலம். உறுதிக் கடிதம் இல்லாமல் அவள் வேலை செய்த வருடங்களைக் கணக்கில் எடுக்க விதி இடம் தரவில்லை. விரும்பினால் பயிற்சியாளராக வரலாம், முதல் வருடத்திலிருந்து. நவம்பர் தொடக்கத்தில் சேர வேண்டும்.

"போவியா சித்தி?"

"பாய்க்கு ஆறு வாரம் ட்ரீட்மென்ட் இருக்கு."

"ஜூனியர் பாத்துக்க மாட்டாரா?"

"அவர்கிட்ட பழைய மாஸ்க்க நீட்டினா கையெழுத்துப் போட்டுடுவாரு. நல்ல பையன்தான். அதான் பயம்."

அழுவாள் என்று நினைத்தேன். ஹால் டிவியில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து ரியாஸ் வேகமாக வந்தார். நாளைக்கு விமானம் அவருக்கு. சண்டை என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன். சித்தி முன்னால் நின்றார், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"மேடம், கொஞ்சம் வாங்க. டாக்டர் வந்தாச்சு, எல்லாரும் ரெடி. நீங்க வந்து நின்னு பாத்தாத்தான் மாஸ்க் போட விடுவேன்னு வாப்பா எந்திரிச்சு உக்காந்துருக்காரு."